பூப்பது ஒத்திவைக்கப்படுகிறது

மஞ்சினகொப்பாவில் அரசாங்கத்துக் கவர் வந்தால் யாரும் உடனே பிரிப்பதில்லை. சாமி படத்துக்குக் கீழே வைத்து, வெல்லக் காபி ஒரு லோட்டா குடித்து, கொல்லைப்பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்த பிறகுதான் பிரிப்பார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் மூன்று வீட்டுக்கு மூன்று கவர் வந்தது. பாட்டன் காலத்திலிருந்து தாங்கள் உழைத்த தோட்டம் காட்டு இலாகாவுடையது என்று அந்த மூன்று வீட்டுக்காரர்களுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருவர் இப்போது சிவமொக்காவில் ஒரு லாட்ஜுக்குக் காவல் இருக்கிறார்.

அதனால் ஜனவரி மாதம் நிங்கே கௌடருக்குக் கவர் வந்தபோது அவர் மூன்று நாள் பிரிக்கவில்லை. நான்காம் நாள் அவர் மனைவி ஜலஜாக்ஷிதான், ரொட்டி தட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பிரித்துப் படித்தாள். கவரின் மேல் கௌடரின் பெயர் இல்லை. 'மூன்றாம் அடியில் வரும் தோட்டத்தின் உரிமையாளருக்கு' என்று இருந்தது.

அடி என்பது கவிதையின் அடி. அறுபது வருஷத்துக்கு முன்னால் கிரிராஜ ஐயா என்ற கவி இந்த ஊர்ப் பெரிய எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஜுரத்தில் கிடந்து எழுந்த ஒரு காலையில் நடக்கப் போனவர், கௌடரின் அப்பா போட்ட நாலு ஏக்கர் காபித் தோட்டம் பூத்திருப்பதைப் பார்த்து எட்டு அடியில் ஒரு பாட்டு எழுதினார். நல்ல பாட்டு. மாநிலம் முழுக்கப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்து அடி வாங்கின. அத்தோடு விட்டிருந்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் போன வருஷம் அரசாங்கம் மஞ்சினகொப்பாவை இலக்கியப் பாரம்பரிய நகரம் என்று அறிவித்து, அதைக் காப்பாற்ற ஓர் ஆணையத்தையும் அமைத்துவிட்டது. பழைய எஸ்டேட் பங்களாவில் ஆபீஸ். ஒரு விசேஷ அதிகாரி, பதினாறு சிப்பந்திகள், இரண்டு ஜீப். எட்டு அடிக்குப் பதினாறு பேர் என்றால் அடிக்கு இரண்டு பேர்.

கடிதத்தின் சாரம் இதுதான். தோட்டம் கவிதையில் உள்ளபடி பராமரிக்கப்பட வேண்டும். தவறினால் ஒன்பதாம் பிரிவின் கீழ் ஆணையமே அதை எடுத்துக்கொள்ளும்.

"எடுத்துக்கொள்ளும்னா?" என்று கேட்டார் கௌடர்.

"எடுத்துக்கும்னுதான் அர்த்தம்" என்றாள் ஜலஜாக்ஷி.

கௌடருக்கு வேறு நிலம் கிடையாது, வேறு வேலையும் தெரியாது. மகள் ஹாசனில் நர்ஸ் படிப்பதும் சரி, வீட்டில் அடுப்பு எரிவதும் சரி, அந்த நாலு ஏக்கரில்தான். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவருக்கு அரிசி மாவுக் கடுபு ஒன்றுகூட இறங்கவில்லை.

மறுநாளே ஆணையத்தின் ஆபீஸுக்கு ஓடினார். விசேஷ அதிகாரி டாக்டர் ஹிரியண்ணா மிகவும் மரியாதைக்காரர். உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். அது டவுனிலிருந்து வரும் பொடியில் போட்ட காபி. கௌடர் பயத்தில் அதையும் குடித்தார்.

"நிறையப் பேர் எங்களைத் தப்பா நினைக்கிறாங்க கௌட்ரே" என்றார் அதிகாரி. "கவிதை என்னைக்கும் பொய் சொல்லாது. தோட்டம்தான் பொய் சொல்லும். அதைத் திருத்துறதுக்குத்தான் நாங்க சம்பளம் வாங்கறோம். கவிதை எங்க பொறுப்பு. தோட்டம் உங்க பொறுப்பு. உங்களுக்குத்தான் சுலபமான வேலை."

அன்று சாயங்காலமே சோதனைக் குழு வந்தது. முதல் அடியில் மூடுபனி. அதற்கு ஆணையமே ஒரு யந்திரம் வாங்கியிருந்தது. இரண்டாம் அடியில் உடைந்த படல். கௌடர் முந்தின வருஷம்தான் கடன் வாங்கி இரும்புக் கேட் போட்டிருந்தார். அதைக் கழற்றி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், பெங்களூரிலிருந்து வந்த ஒரு கலைஞரைக் கொண்டு உடைந்த படல் செய்து நிறுத்தினார்கள். அது மேலும் உடையாமல் இருக்க அதைச் சுற்றிக் கம்பி கட்டினார்கள். பக்கத்து வீட்டு மாடுகள் படல் வழியாக வந்து மிளகுக் கொடியைத் தின்றுவிட்டு, கம்பிக்கு எந்தச் சேதமும் செய்யாமல் திரும்பிப் போயின.

நாலாம் அடியில் ஒரு கறுப்பு நாய். கௌடரின் நாய் செவலை. "நாய் தப்பா இருந்தா கவிதையில எட்டுல ஒரு பங்கு பொய்யாயிடும்" என்று குழுத் தலைவர் விளக்கினார். மறுநாள் முடிதிருத்தும் ரங்கப்பா வந்து நாய்க்குச் சாயம் பூசினான். அந்த நாய் அதற்குப் பிறகு ஒரு மாதம் யாரைப் பார்த்தும் குரைக்கவில்லை.

ஐந்தாம் அடியில் தோட்டக்காரன் கன்னத்தில் கை வைத்து நிற்கிறான். ஆகவே காலை பத்திலிருந்து நாலு வரை, பார்வையாளர் நேரத்தில், கௌடர் கன்னத்தில் கை வைத்து நின்றார். கார் காராக வந்தார்கள். ஊரில் தங்கும் விடுதிகளுக்கெல்லாம் முதல் அடி, இரண்டாம் அடி என்று பெயர் வைத்தாகிவிட்டது. நாலாம் அடியில் அறை எடுத்திருந்த ஓர் அம்மாள் அவரை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்து, முகத்தில் சோகம் போதவில்லை என்று புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனாள். உண்மைதான். கௌடர் முகத்தில் இருந்தது சோகம் இல்லை, பயம். இரண்டும் வேறு என்பது படித்தவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். அவரைப் பயமுறுத்தியது கடைசி மூன்று அடிகள்தான். அதில் மலைச்சரிவு முழுக்கக் காபி பூத்து வெளுத்துக் கிடக்கிறது. கவியின் பிறந்த நாளான மார்ச் பன்னிரண்டாம் தேதி மந்திரி வந்து அதைப் பார்ப்பார் என்று சுற்றறிக்கை வந்தது.

கௌடர் மறுபடி ஆபீஸுக்குப் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்று, காபி தேதி பார்த்துப் பூப்பதில்லை என்று சொன்னார். மொட்டு காத்துக்கொண்டே இருக்கும், மாசியிலோ பங்குனியிலோ முதல் மழை விழும், விழுந்த ஒன்பதாம் நாள் பூக்கும், மூன்று நாளில் வாடிவிடும், அவ்வளவுதான் விஷயம். மழை பொய்த்தால் பம்ப் வைத்துத் தண்ணீர் தெளிக்கலாம். அப்படித் தெளித்தாலும் ஒன்பது நாள்தான்.

"அப்போ மூணாந்தேதி பம்ப் போட்டுடுங்க" என்றார் அதிகாரி. "நாங்களே டீசல் தர்றோம். இதுல உங்களுக்கு என்ன பயம்?"

பிப்ரவரிக் கடைசியில் அடுத்த கவர் வந்தது. இந்தத் தடவை கௌடர் சாமி படத்துக்குக் கீழே வைக்கவில்லை. நின்ற இடத்திலேயே பிரித்தார். மந்திரிக்கு வேறு அலுவல் இருப்பதால் விழா இருபதாம் தேதிக்கு மாற்றப்படுகிறது என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி: 'காபி பூப்பதும் அவ்வாறே ஒத்திவைக்கப்படுகிறது.'

திரும்ப ஓடினார். தண்ணீரைத் தான் பதினொன்றாம் தேதிக்குத் தள்ளிப் போடலாம், அதற்குள் மழை வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்.

"வானிலை ஆபீசுக்கு நகல் போயிருக்கு" என்றார் டாக்டர் ஹிரியண்ணா.

"பதில் வந்துச்சா சார்?"

"ஆட்சேபணை வரல. ஆட்சேபணை வரலைன்னா சம்மதம்னுதான் எடுத்துக்குவோம். நாங்க பெரிய ஆளுங்ககிட்ட எல்லாம் அப்படித்தான் நடந்துக்கறோம். உங்களுக்கும் சேர்த்து ஒரு விஷயம் சொல்றேன் கௌட்ரே. முன்னாடியே பூத்தா அது விதிமீறல். ஒன்பதாம் பிரிவு. எனக்கும் உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா மரியாதையை ஃபைல்ல வைக்க முடியாது."

அந்த வாரம் மஞ்சினகொப்பாவில் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொட்டை மலர்த்தும் அந்த முதல் மழை, பூமழை, ஒரு வாரம் பிந்தினால் விளைச்சலில் கால் பங்கு போய்விடும். ஒவ்வொரு வீட்டாரும் எல்லையில் இருக்கும் சௌடியம்மன் கல்லுக்குப் போய்க் கோழி நேர்ந்துகொண்டு மழை கேட்டார்கள். கௌடரும் போனார். யாரும் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்துப் போனார். எல்லோரும் ஒரு கோழி நேர்ந்தால் அவர் இரண்டு நேர்ந்தார். பதினொன்றாம் தேதி வரைக்கும் மழை வர வேண்டாம் என்று வேண்டிக்கொண்டார்.

அவர் அப்பா இதே கல்லின் முன்னால் மழை கேட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்ததைப் பார்த்தவர் அவர். காபிக்காரன் ஒருவன் பூமழை வேண்டாமென்று கேட்டது இந்த மலையில் இதுவே முதல் தடவையாக இருக்கும். யாராவது கேட்டிருப்பார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அதிகாரியிடம் இருந்த பயத்தோடு இப்போது அம்மனிடமும் பயம் சேர்ந்துகொண்டது.

ஆறாம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு இடி இடித்தது.

ஊரே வெளியே வந்து நின்றது. கிழவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு முற்றத்தில் நின்றார்கள். கௌடர் காபி உலர்த்தும் தார்ப்பாய்களை எல்லாம் தோளில் அள்ளிக்கொண்டு தோட்டத்துக்குள் ஓடினார். நாலு ஏக்கரையும் மூட முடியாது என்று அவருக்கே தெரியும். மந்திரிக்குப் போடப்போகும் மேடைக்கு எதிரே இருந்த சரிவு அரை ஏக்கர். அதையாவது மழை படாமல் காப்பாற்றிவிட்டால் இருபதாம் தேதிக்கு அது பூக்கும் என்று கணக்குப் போட்டார். ஜலஜாக்ஷி தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, மழையை மறைச்சு எங்கயாவது காபிச் செடியை மூடுவாங்களா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"நீ இழுத்துக் கட்டு."

"பாவங்க இது."

"தெரியும். இழுத்துக் கட்டு."

இரண்டு அங்குலம் மழை. அந்த வருஷத்துக்கு அதைவிட நல்ல மழை யாரும் கேட்டிருக்க முடியாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "கௌட்ரே, அம்மன் கண் திறந்துட்டா" என்று கூவினார். கௌடர் தார்ப்பாயின் கீழே குந்தி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மழை சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

மூடியதோடு விட்டுவிடவும் முடியவில்லை. தரையில் ஈரம், மேலே வெயில், நடுவில் தார்ப்பாய். இடையில் இன்னொரு மழை வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அவர் அதைத் திறக்கவே இல்லை. பதினொன்றாம் தேதி பம்ப் போடுவதற்காகப் பிரித்தபோது அரை ஏக்கரில் இருந்த மொட்டெல்லாம் வெந்து கருகி, தொட்டால் உதிர்ந்தது. கருகிய மொட்டுக்கும் தண்ணீர் தெளித்தார். உத்தரவு அப்படி.

பதினைந்தாம் தேதி விடிந்தபோது மற்ற மூன்றரை ஏக்கரும் பூத்திருந்தது. கௌடர் பிறந்ததிலிருந்து இப்படிப் பூத்து அவர் பார்த்ததில்லை. கிளை தெரியவில்லை, இலை தெரியவில்லை. வாசனை கீழே பஸ் நிலையம் வரை போனது. கவி பார்த்தது இதைத்தான். பாட்டு எழுதாமல் எவனாலும் வீடு திரும்ப முடியாது. கௌடர் பூவைப் பார்க்காமல் ஜீப் வரும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. டாக்டர் ஹிரியண்ணா இறங்காமல் கண்ணாடி வழியாக மலைச்சரிவை ஒரு தடவை பார்த்தார். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கௌடர் ஓடிப்போய்க் கும்பிட்டதும் ஒரு விரல்கடை அளவுக்கு இறக்கினார்.

"நான் இதைப் பார்க்கல" என்றார். "பார்த்தா ரிப்போர்ட் எழுதணும். எழுதினா உங்க தோட்டம் போயிடும், எனக்கு விளக்கம் கேட்டு ஓலை வரும். இன்னியிலேர்ந்து தோட்டத்தை மூடிடறேன். பழுதுபார்ப்புன்னு போர்டு வைக்கச் சொல்றேன். இருபதாந்தேதிக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்."

அப்படியாக, அறுபது வருஷத்தில் அந்தக் கவிதை உண்மையாக இருந்த மூன்று நாளும் மஞ்சினகொப்பாவுக்கு வந்த யாத்ரிகர்கள் படலுக்கு வெளியே பழுதுபார்ப்புப் போர்டைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

பத்தொன்பதாம் தேதி கீழ்நாட்டிலிருந்து ஒரு லாரி மல்லிகை வந்தது. நாற்பது பெண்கள் உட்கார்ந்து, கருகிய அரை ஏக்கரில் கிளை கிளையாக மல்லிகையை நூலால் கட்டினார்கள். கௌடரும் கட்டினார். மறுநாள் மூடுபனி யந்திரம் ஓடியது. நாய்க்கு இன்னொரு கை சாயம் பூசப்பட்டது. கௌடர் கன்னத்தில் கை வைத்து நின்றார். எந்த நிமிஷமும் யாராவது நூலைப் பார்த்துவிடுவார்கள் என்று பயந்துகொண்டே இருந்தார்.

மந்திரி ஒரு கிளையைப் பிடித்து மூக்கருகே இழுத்தார். நூல் அவர் மோதிரத்தில் சிக்கியது. அதிகாரி குனிந்து விடுவித்துவிட்டார். பக்கத்தில் நின்ற ஒரு பேராசிரியர், காபிப் பூவுக்கு மல்லிகை வாசனை உண்டு என்பது உலகறிந்தது, ஆனால் இவ்வளவு அசலாக இருக்கும் என்று தானே எதிர்பார்க்கவில்லை என்றார்.

"நான் அந்தக் கவிதையைப் படிச்சதில்லை" என்று மந்திரி மேடையில் மனம் திறந்தார். "இங்க வந்து பார்த்த பிறகு படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. இதுதான் ஓர் அரசாங்கம் இலக்கியத்துக்குச் செய்யற சேவை. இனிமே யாரும் படிக்க வேண்டியதில்லை. பஸ் ஏறினா போதும்." எல்லோரும் கை தட்டினார்கள். கௌடருக்கு ஒரு கையைக் கன்னத்திலிருந்து எடுக்கலாமா என்று தெரியவில்லை.

தோட்டம் தப்பித்தது என்றுதான் ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தார். ஏப்ரலில் பாராட்டுப் பத்திரமும் அதோடு ஓர் உத்தரவும் வந்தன. தோட்டம் பூத்த நிலையில் பாதுகாக்கப்பட்ட இலக்கியத் தலமாகிறது. பிஞ்சு விடுவது, காய்ப்பது, பழம் பறிப்பது ஆகியவை தடை செய்யப்படுகின்றன.

"பாட்டுல எங்கயாவது காய் இருக்கா கௌட்ரே?" என்று டாக்டர் ஹிரியண்ணா அன்போடு கேட்டார். "நான் பதினோரு தடவை படிச்சேன். பூ இருக்கு, காய் இல்லை. உங்க தோட்டம் உங்களோடதுதான். யாரும் எடுத்துக்கல. நீங்க எதையும் பறிக்காம இருந்தா போதும்."

செடிக்கு உத்தரவு தெரியாதே. நல்ல பூ பூத்தது, இரண்டாம் மழையும் சொல்லிவைத்த மாதிரி வந்தது. டிசம்பரில் மூன்றரை ஏக்கரும் கிளை ஒடியக் காய்த்துச் சிவந்து நின்றது. பறிக்காவிட்டால் பழம் உதிர்ந்து மண்ணோடு போகும், மகளின் படிப்பு அதோடு போகும். ஆபீஸுக்கு லீவு விடும் ஞாயிற்றுக்கிழமைகளில் புருஷனும் பெண்சாதியும் சொந்தத் தோட்டத்துக்குள் திருடர்களைப் போல் நுழைந்து பறித்தார்கள். பழம் வாளியில் விழும் சத்தம் கேட்காமல் இருக்க அடியில் சாக்கு போட்டுக்கொண்டார்கள். சாலையில் எந்த வண்டி போனாலும் கௌடர் செடிக்குள் குந்திவிடுவார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜீப் சத்தம் கேட்டது. ஜலஜாக்ஷி பள்ளத்துப் பக்கம் போயிருந்தாள். கௌடர் குந்துவதற்குள் ஜீப் நின்று, ஓர் இளம் பெண் இறங்கிவிட்டாள். ஹிரியண்ணா மாற்றலாகிப் போக, அவர் இடத்துக்கு வந்த புது விசேஷ அதிகாரி அவள். பெயர் ரேவதி ஹெக்டே. ஊருக்கு வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது, தோட்டத்துப் பக்கம் வருவது இதுதான் முதல் தடவை. லீவு நாளிலும் வேலை செய்கிறவள். கவியின் பழைய நாட்குறிப்பில் பாட்டில் வரும் தோட்டம் இன்னொரு தாலுக்காவில் இருந்ததாக ஒரு வரி கிடைத்திருந்தது. ஆகவே கௌடரின் தோட்டத்தைப் பட்டியலிலிருந்து நீக்கி, எல்லாத் தடைகளையும் விலக்கி, உரிமையாளரிடமே திருப்பி ஒப்படைக்கும் உத்தரவு அவள் கையில் இருந்தது. ஒப்படைக்கக் கடைசி நாள் அன்றுதான். உரிமையாளர் கிடைக்காவிட்டால் தோட்டம் ஆணையத்தின் கைக்குப் போய்விடும். பாவம், அதற்காகவே காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தாள்.

கௌடர் பார்த்தது அவள் கையிலிருந்த கவரை மட்டும்தான். அவர் இடுப்பில் பழப்பை தொங்கிக்கொண்டிருந்தது. விரலெல்லாம் சிவப்புச் சாறு.

"ஐயா, நிங்கே கௌடர் நீங்கதானா?"

"இல்லம்மா. நான் கூலிக்கு வந்தவன்."

"இது அவரோட தோட்டம்தானே?"

"எனக்குத் தெரியாதும்மா."

"பயப்படாம சொல்லுங்க. இந்தத் தோட்டத்துக்கு ஓனர் யாரு?"

அவள் பயப்படாமல் என்று சொன்னதும்தான் கௌடருக்கு உண்மையான பயம் வந்தது. இதுவரை எந்த அதிகாரியும் அப்படிச் சொன்னதில்லை. இது ஏதோ பெரிய கேஸாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

"யாருமில்லம்மா" என்றார். "இதுக்குன்னு யாரும் கிடையாது. நான் பாத்ததே இல்ல."

அவள் பெருமூச்சு விட்டு, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு தாளில் எழுதினாள். உரிமையாளர் இல்லை என்று அக்கம்பக்கத்தார் ஒருவர் சாட்சி சொன்னால் போதும், கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டாள். கௌடருக்கு நன்றாகவே கையெழுத்து வரும். தெரியாது என்று சொல்லி, காபிச் சாறு அப்பிய கட்டைவிரலை அழுத்தி வைத்தார். அவள் நன்றி சொல்லி ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

சத்தம் ஓய்ந்த பிறகு ஜலஜாக்ஷி பள்ளத்திலிருந்து மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

"யாருங்க அது? என்ன கேட்டாங்க?"

"புது ஆபீசர். இது யார் தோட்டம்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யாரோடதும் இல்லன்னு சொல்லி ரேகை வச்சுக் குடுத்துட்டேன். ஒண்ணுமே பண்ணல, விட்டுட்டுப் போயிட்டா. தப்பிச்சோம் ஜலஜா."

சொல்லிவிட்டு அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, அந்த வருஷத்திலேயே முதல் தடவையாகப் பயமில்லாமல் மூச்சு விட்டார்.